இலையில் தொடங்கும் தேடல்

நுழையும்முன்

பட்டாம்பூச்சியைக் காண விழைவோர் முதலில் பூக்களையே நாடுகின்றனர். ஆனால், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி இலைகளின்மீதும் தண்டுகளின்மீதும் கழிகிறது. முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக அது இருக்கும் நாள்களோடு ஒப்பிட்டால், சிறகு விரித்துத் திரியும் நாள்கள் பல இனங்களில் மிகக் குறைவு. இளவேனிற் காலத்தில் பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் களத்தில் தேடிக் காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தளிரும் கோடைமழையும்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்பது தமிழர் வகுத்த பருவப் பகுப்பு. குளிர்நாடுகளில் இளவேனில் என்பது பனி உருகியபின் வரும் மென்வெயிற் காலம். மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்த கூட்டுப்புழுக்கள் அப்போதுதான் விழித்துச் சிறகு பெறுகின்றன. தமிழகத்தின் இளவேனிலோ கடும்வெயிலோடு வருவது. அந்நாட்டு நூல்களைப் படித்துவிட்டுச் சித்திரை முதல் நாளன்று சமவெளியில் பட்டாம்பூச்சிக் கூட்டத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

எனினும், தேடுபவருக்கு இப்பருவம் வெறுங்கையைக் காட்டுவதில்லை. வேம்பும் புங்கமும் தளிர்த்துப் பூக்கின்றன. கொன்றை சரஞ்சரமாகத் தொங்குகிறது. இடையே ஓரிரு கோடைமழை பெய்தால், வாடிக் கிடந்த செடிகள் சில நாள்களிலேயே புதுத்தளிர் விடுகின்றன. அந்தத் தளிருக்காகவே பல பெண் பூச்சிகள் காத்திருக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் வாய் முற்றிய இலையைக் கடிக்கும் வலிமையுடையதன்று. ஆகவே, கோடைமழைக்குப் பிந்தைய ஒரு வாரம் தேடலுக்கு உகந்த காலமாகும்.

செடியை அறிதல்

உலகில் இதுவரை பெயரிட்டு விளக்கப்பட்டுள்ள செதிற்சிறகுப் பூச்சிகள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் பத்தில் ஒரு பங்கே பட்டாம்பூச்சிகள், எஞ்சியவை அந்துப்பூச்சிகள். சிறகின்மீது கூரையோடு வேய்ந்தாற்போல் அடுக்கிய நுண்செதில்கள் இருப்பதால் இவ்வினத்திற்கு அப்பெயர் அமைந்தது. தொட்டவுடன் விரலில் ஒட்டும் ‘பொடி’ அச்செதில்களேயாகும்.

சிறகுடைய பட்டாம்பூச்சி பல பூக்களின் தேனை உண்ணும். புழுவோ அவ்வாறன்று. ஒரு குறிப்பிட்ட செடியின் அல்லது ஒரு குடும்பத்தைச் சார்ந்த சில செடிகளின் இலையை மட்டுமே பெரும்பாலான புழுக்கள் உண்கின்றன. வேறு இலையை முன்னே வைத்தாலும் அவை பட்டினி கிடந்து மாளும். இதனால், தாய்ப்பூச்சி முட்டையிடுவதற்கு முன் இலையின்மேல் அமர்ந்து, முன்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கிறது. அக்கால்களில் சுவையை உணரும் உறுப்புகள் உள்ளன. பறந்து பறந்து, பூவில் அமராமல் இலைகளை மட்டும் தொட்டுச் செல்லும் பட்டாம்பூச்சியைக் கண்டால் அது முட்டையிட இடம் தேடுகிறது என்று கொள்ளலாம். அதைத் துரத்தாமல், அது தொட்ட இலைகளைப் பின்னர் ஆராய்வதே சிறந்தது.

வீட்டு முற்றத்து எலுமிச்சையே முதற்பாடத்திற்குப் போதும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் இளந்தளிரில் எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சி, கடுகளவான வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகிறது. மூன்று நான்கு நாள்களில் புழு வெளிவரும். கருமையும் வெண்மையும் கலந்த அச்சிறு புழுவை முதன்முறை காண்பவர் பறவை எச்சம் என்றே எண்ணுவர். பறவைகளும் அவ்வாறே எண்ணி விட்டுவிடுகின்றன. வளர்ந்தபின் அதே புழு இலைப்பச்சை நிறம் கொள்கிறது. மெல்லத் தீண்டினால் தலைக்குப் பின்னிருந்து கவடு போன்ற செந்நிற உறுப்பொன்றை நீட்டிக் கடுநெடி வீசும். பின்னர், ஒரு குச்சியில் வாற்பகுதியை ஒட்டிக்கொண்டு, பனையேறி இடுப்பில் வடம் பூட்டி நிற்பதுபோல் உடலின் நடுவே பட்டு நூலைச் சுற்றிக் கூட்டுப்புழுவாகிறது. முட்டை சிறகு பெற ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். இத்தனையும் நிகழ்வது, அன்றாடம் பலர் கடந்து செல்லும் ஒரு முழ உயரத் தளிரில்.

கறிவேப்பிலையில் கறிவேப்பிலை அழகி, கொன்றையில் வெளிர்மஞ்சள் நிற வலசைப் பூச்சி, அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் என இவ்வுறவுகள் விரிகின்றன. அரளி இலையின் அடியில் தொங்கும் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு, மெருகிட்ட உலோகம்போல் பொன்னாகவும் வெள்ளியாகவும் மின்னும். முதன்முறை காணும் எவரும் அதை யாரோ தொங்கவிட்ட அணி என்றே கருதுவர். அரளிச்செடியில் பால்நஞ்சு உண்டாதலால், அதைத் தொட்டபின் கைகழுவுதல் வேண்டும்.

நஞ்சும் வேடமும்

எருக்கு ஆடுமாடுகள் விலக்கும் செடி. வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதுவே தாய்மடி. இலைநரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டு, பின்னர் அப்பகுதியை உண்ணும் திறம் அப்புழுவுக்கு உண்டு. எருக்கின் நஞ்சு புழுவின் உடலிற் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் தங்குகிறது. ஒருமுறை இதைக் கொத்திக் கக்கிய பறவை, அந்த வெந்தய நிறத்தையும் கருவெள்ளை ஓரத்தையும் பின்னர் எளிதில் மறப்பதில்லை. இப்பட்டாம்பூச்சி அவசரமின்றி, சோம்பல்போல் தாழப் பறப்பதன் காரணம் இதுவே.

ஆடுதீண்டாப்பாளை என்னும் பெயரிலேயே அச்செடியின் இயல்பு அமைந்துள்ளது. கரிசல் நிலத்து வரப்புகளில் தரையோடு படரும் இச்செடியையும் இதன் உறவான ஈசுரமூலிக் கொடியையும் உண்டு வளர்பவை ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும். இவையிரண்டும் நஞ்சுடையவை, செந்நிற உடலால் அதனைப் பறைசாற்றுபவை. இவற்றைப் பார்த்து வேடமிடுவது கறிவேப்பிலை அழகி. ஆண் கருநிறத்தில் வெண்புள்ளி வரிசையோடு காணப்படும். பெண்களுள் சில ஆணைப்போலவே இருக்க, வேறு சில ரோஜா அழகியைப் போலவும் மற்றும் சில சிவப்புடல் அழகியைப் போலவும் சிறகணிந்து வருகின்றன. தன்னிடம் நஞ்சில்லாமலேயே நஞ்சுடையதன் பாதுகாப்பைப் பெறும் உத்தி இது. ஆயினும், வேடம் சிறகோடு நின்றுவிடுகிறது; உடல் கருப்பாகவே உள்ளது. களத்தில் ஐயம் எழுந்தால் சிறகைப் பாராமல் உடலின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

புழுவை ஓவியமாக்கிய பெண்மணி

செடியையும் புழுவையும் பிரிக்காமல் காண வேண்டும் என்பதை உலகிற்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் மரியா சிபில்லா மெரியன். செருமனியின் பிராங்பர்ட்டு நகரில் 1647-ஆம் ஆண்டு பிறந்த இவர், பதின்மூன்றாம் வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து அவற்றின் மாற்றங்களைக் குறித்து வைத்தார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுகின்றன என்று கற்றோரும் நம்பிய காலம் அது. மெரியன் நம்பிக்கையை விடுத்துப் புழுக்களை நம்பினார். ஒவ்வொரு புழுவையும் அதற்குரிய செடியைக் கொடுத்து வளர்த்தார். 1679-இல் வெளியிட்ட நூலில் முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுப்பூச்சி ஆகிய நான்கையும் உணவுத்தாவரத்தோடு ஒரே படத்தில் வரைந்து காட்டினார்.

1699-இல், ஐம்பத்திரண்டாம் வயதில், இளைய மகளை உடனழைத்துக்கொண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தென்னமெரிக்காவின் சுரினாம் சென்றார். இரண்டு ஆண்டுகள் அங்குத் தங்கிப் புழுக்களைத் தேடினார். நோயுற்றுத் திரும்பிய அவர், 1705-இல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். பல்கலைக்கழகம் எதிலும் பயிலாத ஒரு பெண், தூரிகையைக் கொண்டே அறிவியலுக்குப் பங்களித்த வரலாறு இது. அவருடைய ஓவியங்களில் இலைகள் முழுமையாக இருப்பதில்லை. கடிபட்டும் ஓட்டை விழுந்துமே காணப்படுகின்றன. களத்தில் தேடுவோருக்கும் இன்றுவரை முதல் தடயம் ஓட்டை விழுந்த இலைதான். இலையின் ஓரம் அரைவட்டமாக அரிக்கப்பட்டிருந்தால் அதன் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். கீழே தரையில் கரிய மிளகுபோல் எச்சம் உதிர்ந்திருந்தால் அதற்கு நேர்மேலே பார்க்க வேண்டும்.

தெரியுமா?

2019-ஆம் ஆண்டு ‘தமிழ் மறவன்’ தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. செம்மஞ்சள் நிறமும் கருநிற விளிம்பும் உடைய இது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்கிறது. இதன் புழு, நீரடிமுத்து மர இனத்தின் இலையை உண்டு வளர்கிறது.

இரவுத் தேடல்

பகற்பொழுதின் அழகைப் பாடிய அளவுக்கு இரவின் சிறகுகளைத் தமிழுலகம் பேசவில்லை. நெற்குதிரில் தோன்றும் அந்து, விளக்கில் விழும் விட்டில், கம்பளியை அரிக்கும் பூச்சி என்று பெரும்பாலும் தீமையோடு இணைத்தே அந்துப்பூச்சிகள் அறியப்பட்டுள்ளன. ஆனால், பட்டாடையைத் தந்தது ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. பப்பாளி காய்ப்பதில் அந்தியில் வரும் பருந்து அந்துப்பூச்சிகளுக்குப் பங்குண்டு. இரவில் மலர்ந்து மணம் வீசும் வெண்மலர்கள் பலவும் இவற்றை எதிர்நோக்கியே விரிகின்றன.

பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு, நுனியில் குண்டூசித் தலைபோல் தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் உணர்கொம்போ நூல்போல் மெலிந்தோ சிறகுபோல் கிளைத்தோ காணப்படும். பகலில் பறப்பது பட்டாம்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்னும் பகுப்பை முழுமையாக நம்ப இயலாது. பட்டப்பகலில் பூ முன் நின்றபடியே சிறகடித்துத் தேன் உறிஞ்சும் அந்துப்பூச்சிகளும் உண்டு. அந்தி சாய்ந்தபின் நெல்வயல் ஓரத்தில் பறக்கும் பழுப்பு நிறப் பட்டாம்பூச்சியும் உண்டு.

இரவுத் தேடலுக்கு வேண்டுவன ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும் மட்டுமே. மரங்களுக்கிடையே கயிறு கட்டி வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் முன் விளக்கை வைத்தால் அரைமணி நேரத்தில் வரவு தொடங்கும். நிலவொளி மிகுந்த இரவைவிட அமாவாசையை ஒட்டிய இரவுகள் ஏற்றவை. புழுக்கமும் மேகமூட்டமும் நிறைந்த, காற்றடங்கிய இரவு எனில் இன்னும் நன்று. பார்த்து முடித்தபின் விளக்கை அணைத்துவிட வேண்டும்; விடியும்வரை எரியும் விளக்கு, வந்த பூச்சிகளைக் காலையில் பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் இரையாக்கிவிடும்.

விட்டில் ஏன் விளக்கை நாடுகிறது? ஆசையால் அழிவோர்க்கு உவமையாகவே அது காலங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. 2024-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இவ்வுவமையை மறுசிந்தனைக்கு உட்படுத்தியுள்ளது. நொடிக்குப் பலநூறு படங்கள் எடுக்கும் கேமராக்களால் ஆராய்ந்தபோது, பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பாய்வதில்லை என்பது தெரியவந்தது. வானம் எப்போதும் தரையைவிட ஒளிமிக்கது. எனவே, முதுகை ஒளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே மேலது எது, கீழது எது என்பதைப் பூச்சிகள் உணர்கின்றன. பக்கவாட்டில் விளக்கு எரியும்போது அவை அதன்பால் முதுகைத் திருப்ப, பறக்கும் பாதை வளைந்து விளக்கையே சுற்றத் தொடங்குகிறது. விளக்கிற்கு மேலே பறப்பவை தலைகீழாகக் கவிழ்ந்து விழுவதும் உண்டு. விட்டிலைத் திசைதடுமாறியது என்று கூறலாமேயன்றி, ஆசை கொண்டது என்று பழித்தல் தகாது.

எள்வயலும் மக்காச்சோளமும்

கோடைப்பட்டத்து எள்வயலில், விரற்பருமனுள்ள பச்சைப்புழு ஒன்று வாலில் சிறு கொம்போடு இலை தின்றுகொண்டிருக்கும். மார்பின்மேல் மண்டையோடு போன்ற குறியுடைய பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்த பூச்சி தேனடைக்குள் நுழைந்து தேனைத் திருடும். பிடித்தால் கீச்சென்று ஒலியெழுப்பும். காண்பவருக்கு இது வியப்பு. எள் விதைத்தவருக்கோ இழப்பு. இரண்டையும் ஒருசேர எண்ணுதலே நேர்மையான ஆய்வாகும். 2018-இல் இந்தியாவிற்குள் கண்டறியப்பட்ட படைப்புழு, தமிழகத்து மக்காச்சோள வயல்களைப் பாழாக்கியதை அவ்வுழவர்கள் அறிவர். அதுவும் அந்துப்பூச்சி இனமே.

ஆயினும், சில இனங்கள் செய்யும் கேட்டிற்காக எல்லாப் புழுக்களையும் நஞ்சு தெளித்து ஒழிப்பது பொருந்தாது. எதிர் உயிர்களும் அதனால் மடிகின்றன. புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் நுண்குளவிகள் உழவர்க்கு ஊதியமின்றி உழைப்பவை. ஆண் அந்துப்பூச்சிகளை மட்டும் மணத்தால் ஈர்த்துச் சிக்கவைக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள், எப்பூச்சி எவ்வளவு பெருகியுள்ளது என்பதை முன்கூட்டியே காட்டுகின்றன. எண்ணிப் பார்த்தபின் தேவையெனில் மருந்து தெளிப்பது ஒரு முறை. காணாமலே தெளிப்பது வேறொன்று. களத்தில் தேடும் பழக்கம் உழவுக்கும் துணையாவது இவ்வகையிலேயே.

மலையிலிருந்து வரும் கூட்டம்

தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பல்லாயிரக்கணக்கான பட்டாம்பூச்சிகள் கிழக்கு நோக்கி நகர்கின்றன. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை இக்கூட்டத்தில் மிகுதி. மலையின் பெருமழையைத் தவிர்த்துச் சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வரும் இவற்றின் வழித்தோன்றல்கள், வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மீண்டும் மேற்கு நோக்கிச் செல்கின்றன. சாலையைக் கடக்கும் பூச்சிகளை ஓரிடத்தில் நின்று, ஐந்து நிமிடத்திற்கு எத்தனை, எத்திசையில் என்று எண்ணுவது எவரும் செய்யத்தக்க எளிய பணி. பலர் பல ஊர்களில் எண்ணினால் அது வலசையின் வரைபடமாகும்.

இவ்வரியன்களின் ஆண்பூச்சிகள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளின் காய்ந்த தண்டிலும் வாடிய இலையிலும் மொய்ப்பதைக் காணலாம். தேனுக்காக அல்ல, அச்செடிகளில் உள்ள ஒருவகை வேதிப்பொருளைக் கொண்டே பெண்பூச்சியை ஈர்க்கும் மணத்தை அவை உருவாக்குகின்றன. ஆற்றோர ஈரமணலில் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுபவையும் பெரும்பாலும் ஆண்களே. அவை தேடுவது உப்புச்சத்தை.

களையெனப்படுபவை

எருக்கு, ஆடுதீண்டாப்பாளை, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகியவற்றை ஊர் வழக்கில் ‘களை’, ‘புதர்’ என்பர். பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், ஏரிக்கரை என எங்குத் தூய்மைப்பணி நடந்தாலும் முதலில் வெட்டப்படுபவை இவையே. பின்னர் அவ்விடத்தில் அயல்நாட்டுப் பூச்செடிகள் நடப்படுகின்றன. அப்பூக்களில் தேன் இருந்தால் பட்டாம்பூச்சி சில நாள் வரும். முட்டையிட இலையின்றிப் போய்விடும். பூந்தோட்டம் அமைத்தும் பட்டாம்பூச்சி வரவில்லையே என்று வருந்துவோர், முன்பு வெட்டியெறிந்தது எதுவென்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சிட்டுக்குருவி அருகியது என வருந்தி முற்றத்தில் அரிசி தூவுவோர் உண்டு. வளர்ந்த குருவிக்கு அரிசி உணவாகும். கூட்டிலிருக்கும் குஞ்சுக்கு ஆகாது. தாய்க்குருவி குஞ்சுக்குப் புழுவையும் சிறு பூச்சிகளையுமே ஊட்டுகிறது. புழு இல்லாத தோட்டத்தில் கூடு கட்டியும் பயனில்லை.

திருச்சிராப்பள்ளிக்கு அருகில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த மேலணைக் காப்புக்காட்டில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. அங்குத் தேன்செடிகளோடு புழுக்களுக்குரிய உணவுத்தாவரங்களும் வளர்க்கப்படுகின்றன. பள்ளி மூலையில் நான்கு கறிவேப்பிலையும் ஓர் எலுமிச்சையும் வெட்டாது விட்ட ஒரு புதர் எருக்கும் இருந்தால், அதே முறையைச் சிற்றளவில் பின்பற்றியதாகும்.

தேடச் செல்வோர் காலை எட்டு மணி முதல் பதினொரு மணிக்குள் செல்வது நலம். உச்சிவெயிலில் பூச்சிகளும் நிழல் தேடும். வலை தேவையில்லை. பல பட்டாம்பூச்சி இனங்கள் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. சிவப்புடல் அழகியும் அவற்றுள் ஒன்று. குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கைப்பேசியில் படம் எடுத்தால் சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுக்க வேண்டும். நாள், நேரம், இடம், வெயிலா மேகமா என்பது, பூச்சி அமர்ந்த செடி ஆகியவை குறிப்பில் இடம்பெற வேண்டும். பெயர் தெரியாவிடில் வெற்றிடம் விடலாம். ஊகித்துத் தவறான பெயரை எழுதுவதைவிட அது மேல். மயிர் நிறைந்த கம்பளிப்புழுக்களை வெறுங்கையால் தொடலாகாது; சிலவற்றின் மயிர் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும். கடும்வெயிலில் தனியே செல்லாமல் இருவர் மூவராகச் செல்வதும், வயலில் இறங்குமுன் உரியவரிடம் ஒப்புதல் கேட்பதும் தேடலின் ஒழுங்குகளாகும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்திலோ வீட்டருகிலோ உள்ள ஓர் எலுமிச்சை, கறிவேப்பிலை அல்லது எருக்குச் செடியைத் தேர்ந்தெடுத்து, பத்து நாள்களுக்கு ஒரே நேரத்தில் பார்வையிட்டுக் குறிப்பெழுதுக.

2. உங்கள் ஊரில் பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, புழு ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்களை முதியோரிடமும் உழவரிடமும் கேட்டுத் தொகுக்க. எச்செடியில் கண்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுக.

3. ‘வளாகத் தூய்மையில் எச்செடிகளை விட்டுவைப்பது?’ என்னும் பொருளில் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் வரைக. அதில் நீங்கள் நேரில் கண்ட சான்றுகளை மட்டும் சேர்க்க.